குருநகர்க்காரரின் நெஞ்சுச் சத்தம்

யாழ்ப்பாணத்துக் குருநகர்க்காரர் ஒருவருடைய நெஞ்சுச் சத்தத்துக்காக நான் இன்றைக்கும் ஏங்குகிறேன். காதல் கீதல் என்று நினைத்துவிடாதீர்கள். அவருக்கு என் அப்பாவின் வயது, பேரப்பிள்ளைகளைக் கண்டவர். அவருடைய இதயத்தின் வால்வு ஒன்று சரியாகத் திறக்காததால் இரத்தம் பெரிய இரைச்சலோடு போய்க்கொண்டிருந்தது. மருத்துவ பீட மாணவர்கள் எல்லோரும் வரிசையில் நின்று அதைக் கேட்டார்கள். நானும் நின்றேன். எனக்கு மட்டும் கேட்கவில்லை.

ஏழு வயதில் வந்த ஒரு காய்ச்சலோடு என் காது இரண்டும் பாதிக்கு மேல் போய்விட்டன. கோப்பாயில் எங்கள் வீட்டுக்கு வெளியே அது ஒருவருக்கும் தெரியாது. பெண் பிள்ளை, நாளைக்குக் கல்யாணம் பேச வேண்டும் என்பது அம்மாவின் கவலை. காதுக் கருவியைத் தலைமயிர் மூடும்படி தளர்த்தித்தான் பின்னிவிடுவார். டியூட்டரி வகுப்பில் முன் வாங்கில் இடம் பிடிக்க விடியவே சைக்கிளில் ஓடுவேன். படிப்புப் பைத்தியம் என்று என்னைப் பகிடி பண்ணினார்கள். வாத்தியாரின் வாயைப் பார்த்தால்தான் எனக்குப் பாடம் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

மருத்துவ பீடத்துக்கு இடம் கிடைத்தபோது நிரப்ப வேண்டிய படிவத்தில், ஏதாவது குறைபாடு உண்டா என்று ஒரு கேள்வி இருந்தது. நான் பேனையை வைத்துக்கொண்டு யோசித்தேன். தோட்டத்திலிருந்து வந்த அப்பா கைகூடக் கழுவாமல் பக்கத்தில் குந்தினார்.

"இல்லை எண்டு எழுது பிள்ளை. உதைக் கண்டாங்கள் எண்டால் இடத்தை வேறை ஆருக்கும் தூக்கிக் குடுத்திடுவாங்கள்."

"பிறகு பிடிபட்டால் அப்பா?"

"பிறகு பாப்பம். முதல்லை உள்ளுக்குப் போ."

'இல்லை' என்று எழுதிக் கையெழுத்தும் வைத்தேன். அப்பாவில் பிழை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எழுதிய கை என்னுடையது.

விரிவுரை வருடங்களை எப்படியோ ஒப்பேற்றிவிட்டேன். நோயாளிகளைப் பார்க்க ஆஸ்பத்திரி வாட்டுக்கு வந்தபிறகுதான் வினை. அந்தக் கொரோனா நாட்களில் எல்லோருடைய வாயையும் முகக்கவசம் மூடியிருந்தது. கருவியோடு ஸ்டெதஸ்கோப்பைக் காதில் வைத்தால் கருவி கீச்சிடும். அதனால் வாட்டுக்குள் போகுமுன் அதைக் கழற்றிக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொள்வேன். யார் எதைக் கேட்டாலும் ஓம் என்பேன். மற்றவர்கள் கண்ணை மூடி ஒரு இதயத்தைக் கேட்கும்போது அவர்களுடைய முகத்தில் ஒரு அமைதி வரும். அதைப் பார்க்க எனக்கு வயிறு எரியும்.

அன்றைக்குக் குருநகர்க்காரரின் நெஞ்சில் நான் குழாயை வைத்ததும், எங்களுக்கு வாட்டில் படிப்பித்த பேராசிரியை என் தோளைத் தொட்டார். கேட்கிறதா என்றுதான் கேட்டிருப்பார்.

"ஓம் மேடம். நல்ல வடிவாக் கேக்குது."

அவர் ஸ்டெதஸ்கோப்பை வாங்கித் தன் காதில் வைத்துப் பார்த்தார். பிறகு நெஞ்சில் வைக்கிற அதன் தலையை எனக்குத் திருப்பிக் காட்டினார். அதற்கு இரண்டு முகம், ஒன்று திறந்திருந்தால் மற்றது மூடியிருக்கும். நான் மூடிய முகத்தை வைத்திருக்கிறேன். உலகத்தில் ஒருவருக்கும் அதில் ஒன்றும் கேட்காது. காது கேட்கிற எவரும் ஒரு நொடியில் கண்டுபிடித்துத் திருப்பியிருப்பார்கள். பின்னால் நின்றவர்களின் தோள்கள் சிரிப்பில் குலுங்கின. குருநகர்க்காரர் சிரிக்கவில்லை. அவர் முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கியிருந்ததால் அவர் சொன்னது எனக்கு விளங்கியது.

"விடுங்கோ டொக்டர். பிள்ளைக்கும் என்னைப்போலை காது இல்லை. நான் கடலட்டை பிடிக்கக் கடலுக்கு அடியிலை சுழியோடி ஒரு காதைக் குடுத்தவன். உந்த 'ஓம்' எனக்குத் தெரியும்."

இத்தனை வருடமாக அம்மா பின்னி மறைத்ததை அந்த மனுசன் ஒரு மூச்சில் அவிழ்த்துவிட்டார். எனக்கு அவர்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

பேராசிரியை என்னைத் தன் அறைக்குக் கூட்டிப்போய், கதவைச் சாத்தி, முகக்கவசத்தைக் கழற்றினார்.

"ஏன் ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

"சொன்னால் என்னை எடுக்கமாட்டியள் எண்டு..."

"சத்தத்தைக் கூட்டித் தாற ஸ்டெதஸ்கோப் இருக்குப் பிள்ளை. காதுக் கருவியோடையே இணைக்கலாம். கேட்டிருந்தால் எப்பவோ எடுத்துத் தந்திருப்பம். இப்ப நீர் பொய் எழுதினதைப் பற்றியெல்லோ கதைக்க வேண்டிக் கிடக்கு."

விசாரணைக்கு அப்பாவும் வந்தார். கதிரையைக் காட்டியும் அதில் உட்காரவில்லை. "நான்தான் எழுதச் சொன்னனான். பிள்ளையை விடுங்கோ" என்று நின்றபடியே சொன்னார். டொக்டர் ஆகாமல் போனாலும் பரவாயில்லை, அவர் அப்படி நிற்கக்கூடாது என்று எனக்கு அழுகை வந்தது. இரண்டு மாதம் கழித்து முடிவு வந்தது. எச்சரிக்கைக் கடிதம் ஒன்று, புதிய படிவம் ஒன்று, படிப்பைத் தொடரலாம். புதிய படிவத்தில் 'ஆம்' என்று எழுதினேன். மறுநாள் காலை அம்மா என் தலையை இழுத்துப் பின்னிவிட்டார், காது இரண்டும் தெரிய.

புதிய ஸ்டெதஸ்கோப் கைக்கு வந்த அன்று நேரே வாட்டுக்கு ஓடினேன். அந்தக் கட்டிலில் வேறொருவர் படுத்திருந்தார். குருநகர்க்காரரைச் சத்திரசிகிச்சைக்குக் கொழும்புக்கு அனுப்பிவிட்டார்கள்.

பல மாதம் கழித்துக் கிளினிக்கில் அவரே என்னைக் கண்டுபிடித்தார். முன்னால் வந்து இருந்து, நான் கேட்காமலே சேட்டுப் பொத்தான்களைக் கழற்றினார்.

"இப்ப கேளுங்கோ பிள்ளை."

திறந்த முகத்தைத்தான் வைத்தேன், இரண்டுதரம் பார்த்துவிட்டு. புதிய உலோக வால்வு டிக், டிக் என்று அடித்தது.

"என்ன கேக்குது?"

"மணிக்கூடு மாதிரி ஐயா."

"அந்தப் பழைய இரைச்சல்?"

"அது இல்லை. போயிட்டுது."

"நல்லதுதானே."

நல்லதுதான். அது போனதால்தான் அவர் என் முன்னால் இருக்கிறார். ஆனாலும் நான் கையை எடுக்கவில்லை. எல்லோரும் கேட்ட அந்தச் சத்தம் ஏதாவது மூலையில் கொஞ்சம் மிச்சமிருக்காதா என்று கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். சுழியோடியவர் அல்லவா, நெடுநேரம் எனக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தார்.