ஸாங்கே ஜாரா கதவு வித்த விதம்

காலையில நான் வந்து பாசிமணிப் பாயை விரிக்கிறப்போ, எதிர்க்கடை ஸாங்கே ஜாரா டீச்சக்கையை வழிச்சு முகமூடி மூக்குல தேச்சுக்கிட்டு இருப்பான். மூக்கு, கன்னம், கண்ணு ஓட்டை, ஒண்ணு விடமாட்டான். அதுக்கு மேல கரித்தூள், எண்ணெய். அப்புறம் கக்கூஸ் செவத்துக்குப் பின்னாடி குழி தோண்டி பதினஞ்சு நாள் பொதைச்சு வைப்பான். வெளிய எடுத்தா அதுக்கு நூறு வயசு. "எங்க முப்பாட்டன் காலத்துது, ராஜா அரமனையில இருந்துச்சு"ன்னு கண்ணு கலங்கச் சொல்லுவான். அதைச் செதுக்குனது என் மருமகன். செதுக்குறப்போ உளி பட்டுக் கிழிஞ்ச கட்டைவிரல் அவனுக்கு இன்னும் ஆறல.

பமாக்கோவுல எங்க கைவேலைச் சந்தையில பொய் சொல்லாதவன் எவன் இருக்கான். நானே கண்ணாடி மணியை நதிக்குள்ள கெடைச்சதுன்னு சொல்றவதான். ஆனா ஸாங்கே பொய் சொல்றதைப் பாக்க ஒரு கூட்டம் நிக்கும். அப்படி ஒரு சுத்தம் அதுல.

ஆளு ஒல்லி, நெட்டை. ஐம்பத்தஞ்சு இருக்கும். முன்பல்லு ரெண்டு கோலாக்கொட்டை மென்னு மென்னே செவந்து போச்சு. வர்றவங்க மூஞ்சியைப் பாக்கவே மாட்டான், செருப்பைத்தான் பாப்பான். புதுச் செருப்புன்னா ஒரு விலை, தேஞ்ச செருப்புன்னா ஒரு விலை. தேஞ்ச செருப்பைச் சுத்தமாத் தொடச்சு போட்டிருந்தா, "இவன் எமகாதகன், நாக்கு வறண்டுரும்"னு என்னைப் பாத்து முணுமுணுப்பான். எதிராளி ரொம்பக் கீழ எறங்கிக் கேட்டான்னு வைங்க, கோபப்பட மாட்டான். முகமூடியை எடுத்து செவத்தப் பாத்துத் திருப்பி வச்சிருவான். "அது காதுல விழக்கூடாது, பாவம்"னு சொல்லுவான். கேட்டவனுக்கு வெக்கம் வந்துரும். வெக்கம் வந்தா ரெண்டாயிரம் கூடும்.

படியாம நடையைக் கட்டுறவங்களக் கூப்பிடவும் மாட்டான். அவங்க எடுத்து வைக்கிற எட்டை ஒம்போது வரைக்கும் எண்ணுவான். ஒம்போதாவது எட்டு சரியா என் பாய்கிட்ட வந்து விழும். எனக்குக் கண்ணைக் காட்டுவான். நான் ஒரு மணிமாலையைத் தூக்கிக் காட்டி நிறுத்துவேன். நிக்கிறவங்க திரும்பிப் பாப்பாங்க, அவன் அந்தப் பக்கம் திரும்பி கொட்டாவி விட்டுக்கிட்டு இருப்பான். பாதிப் பேரு அவன் கடைக்கே திரும்பப் போயிருவாங்க. அந்தச் சாக்குல என் மாலையும் ஒண்ணு போயிரும். இதுல எனக்குப் பங்கு இல்லன்னு சொன்னா என் நாக்கு அழுகிரும்.

இன்னொரு பழக்கம் உண்டு, அதுதான் அவனைக் கடைசியில மாட்டி விட்டது. யாரு வந்தாலும் முதல்ல குலப்பேரு கேப்பான். எங்க ஊர்ல எல்லாரும் கேப்பாங்கதான். ஜாராவுக்கும் திராவோரேவுக்கும் கேலி முறை, அதாவது ஒருத்தரை ஒருத்தர் என்ன வேணா திட்டலாம், அடிமைம்பாங்க, தட்டப்பயறு தின்னிம்பாங்க, யாருக்கும் கோபம் வரக் கூடாது. முறைக்காரன் வந்து ஒண்ணு கேட்டா இல்லன்னும் சொல்லக் கூடாது. நான் பொறந்தது திராவோரே. அதனால இருபத்தேழு வருஷமா இந்தப் பயலும் நானும் காலையில திட்டிக்கலன்னா ரெண்டு பேருக்கும் சோறு எறங்காது. என் புருசன் செத்தன்னைக்கு இவன் வந்து பாடைக்குக் குறுக்க படுத்துக்கிட்டான். "இந்தத் திராவோரேக்காரி எனக்கு ஒரு சேவல் தரணும், அது வராம பொணம் நகராது"ன்னு கத்துனான். சேவலைக் குடுத்துத்தான் எடுத்தோம். அழுது வீங்குன மூஞ்சியோட நான் சிரிச்சேன். அப்படியாப்பட்டவன்.

குலம் இல்லாம வர்ற வெள்ளக்காரங்களுக்கு அவனே ஒரு குலம் குடுப்பான். எல்லாருக்கும் திராவோரேதான். ஏண்டா உன் ஜாராவைக் குடுக்க வேண்டியதுதானேன்னு கேட்டேன். "சொந்தக்காரனை எப்படிக்கா திட்டுறது? திட்டுனாத்தான விலை பேச ருசியா இருக்கும்"னான். இப்படி நூறு பேருக்கு மேல எங்க குலத்துல சேத்து விட்டிருக்கான். எங்களைக் கேட்டானா, கேக்கல.

இந்த வருஷம் வெயில் முடியுற நேரத்துல அவன் கடைக் கூரைத் தகரம் பிஞ்சு போச்சு. போன மழையிலயே சல்லடை. இந்த வருஷம் காத்துல பாதி பறந்து பக்கத்துத் தோல்கடை பாலா தலையில விழப் பாத்துச்சு. பன்னெண்டு தகரம் வேணும், அறுபதாயிரம் பிராங்கு. முதல் மழைக்குள்ள போடலன்னா முகமூடி எல்லாம் ஊறி வெடிச்சிரும், நீலச்சாயத் துணி ஒண்ணோட ஒண்ணு கரைஞ்சிரும். வருஷத்துக் கொள்முதல் பூரா அந்த ஓட்டைக்குக் கீழதான் இருந்துச்சு.

விக்கிறதுக்கு ஒரு கதவு வச்சிருந்தான். ஆள் உயர மரக்கதவு, மேல முதலையும் ஆமையும் செதுக்குனது. அந்தக் கடையில நெசமாவே பழசு அது ஒண்ணுதான். அதுக்கு மட்டும் அவன் கதை சொல்லமாட்டான். "பழைய கதவு, அறுபதாயிரம்"னு சொல்லிட்டு வாயை மூடிக்குவான். யாரும் நம்பல. கண்ணு கலங்குனா நம்புறாங்க, உள்ளதைச் சொன்னா உதட்டைப் பிதுக்குறாங்க. நாப்பது வரைக்கும் கேட்டாங்க. "அறுபதுக்குக் கீழ போனா நனையுறது கதவு இல்ல, நான்தான்"னு பாலாகிட்ட சொல்லிக்கிட்டு இருந்தான்.

வியாழக்கெழமை மத்தியானம் அந்த வெள்ளக்காரப் பொண்ணு வந்தா. முப்பத்தஞ்சு வயசு இருக்கும், வெயில்ல காஞ்சு செங்கல் மாதிரி ஆயிருந்தா. நாலு வருஷத்துக்கு முன்னாடி ஒரு சின்ன முகமூடி வாங்க வந்தப்போ ஸாங்கே அவளுக்கு நியெலே திராவோரேன்னு பேரு வச்சான். அவளோட சொந்தப் பேரு என் வாயில நுழையாது. அன்னைக்கே சான் ஊருப் பக்கம் போய் பிரசவம் பாக்குற வேலையில சேந்துட்டா. இப்போ எங்க பாஷையைப் பட்டிக்காட்டுப் பொம்பளை மாதிரி பேசுறா. நேரா என் பாயில வந்து உக்காந்தா. கதவைத் தூரத்துல இருந்து பாத்தாளாம், மனசு போயிருச்சாம், கையில அவ்வளவு இல்லையாம், எப்படிக் கேக்குறதுன்னு என்கிட்ட கேட்டா.

எனக்கு ஒரு குஷி. நம்ம குலத்துப் புள்ளை ஆச்சே. போயி அவன் முக்காலியில உக்காரு, அவன் டீயை எடுத்துக் குடி, அப்புறம் பாதி விலை சொல்லுன்னு சொல்லிக் குடுத்தேன். முறைக்காரி கேட்டா ஜாராக்காரனால இல்லன்னு சொல்ல முடியாதுன்னும் சொன்னேன். கூரை அப்போ எனக்கு ஞாபகத்துல இல்ல. திட்டுற சந்தோசத்துல என் புத்தி மேய்ச்சலுக்குப் போயிருச்சு.

நான் சொன்னபடியே அவ செஞ்சா. முக்காலியை இழுத்து உக்காந்தா. ஸாங்கே தனக்குன்னு ரெண்டாவது கொதி ஊத்தி வச்சிருந்த டீயை எடுத்து ஒரே மடக்குல குடிச்சா.

"ஏ தட்டப்பயறு தின்னி, எந்திரிச்சு நில்லுடா, எசமானி வந்திருக்கேன். முப்பதாயிரம். கதவைத் தூக்கி வண்டியில வையி."

சந்தையே சிரிச்சுச்சு. ஸாங்கேயும் சிரிச்சான். அவன் பதிலுக்குத் திட்டுனதை எல்லாம் எழுதுனா, இதை எழுதச் சொன்ன பத்திரிகைக்காரங்க அடுத்த தடவை என்னைக் கேக்க மாட்டாங்க. பேச்சோட பேச்சா அறுபதுன்னான். இவ முப்பதுன்னா. கூரையைக் காட்டுனான், தகரக் கணக்கைச் சொன்னான். உன் ஓட்டை உன் பாடு, நான் திராவோரே, எனக்கு இல்லன்னு சொல்றியான்னு கேட்டா. நான் சொல்லிக் குடுத்ததுதான், அச்சு மாறாம.

அவன் சிரிப்பு நின்னு போச்சு. "நீ வெள்ளக்காரி. அந்தப் பேரு நான் சும்மா வெளையாட்டுக்கு வச்சது"ன்னான்.

பாலா தோலைத் தைக்கிறதை நிறுத்திட்டு, அப்போ நூறு பேருக்கும் பொய்ப் பேருதானான்னு கேட்டான். அந்தப் பொண்ணு சிரிக்கல. தலையைக் குனிஞ்சுக்கிட்டு மெதுவாச் சொன்னா, சான்ல அவளுக்கு வேற பேரே கெடையாதாம். அவ கையில பொறந்த புள்ளைங்கள்ல மூணுக்கு நியெலேன்னு வச்சிருக்காங்களாம். அதுல ஒண்ணு ஜாரா வீட்டுப் புள்ளையாம், தெனமும் இவளை அடிமைன்னு கூப்பிடுதாம்.

நான் அப்போ வாயைத் திறந்திருக்கணும். நாந்தாண்டா சொல்லிக் குடுத்தேன், போனாப் போகுது நீ அறுபது வாங்கிக்கோன்னு சொல்லியிருக்கணும். எதுக்கெல்லாமோ தொறக்கிற வாய் அதுக்குத் தொறக்கல. மணியைக் கோத்துக்கிட்டு இருந்தேன். கிழக்க வானம் செம்மண் கலர்ல எழும்பிக்கிட்டு இருந்துச்சு. அந்தக் கலர்ல எழும்புனா புழுதிக்குப் பின்னாடியே மழைதான்.

ஸாங்கே வானத்தைப் பாத்தான். கூரையைப் பாத்தான். அவளோட செருப்பைப் பாத்தான், தேஞ்சு போன ரப்பர் செருப்பு, தொடைக்கக் கூட இல்ல. அப்புறம் முதல் தடவையா ஒரு வாடிக்கையோட மூஞ்சியைப் பாத்தான். நான் பாத்து அப்படி ஒரு நாள் நடந்ததில்ல.

"முப்பது. குடு"ன்னான்.

பணத்தை வாங்கி மடியில சொருகிட்டு, அவனும் பாலாவுமா கதவைத் தூக்கிக்கிட்டுப் போனாங்க. நானும் எந்திரிச்சுப் பின்னாடியே போனேன், பாய் கெடந்தா கெடக்குதுன்னு. சந்தை வாசல்ல அவ வண்டி நின்னுச்சு, பின்னாடி தொறந்த வண்டி. ரெண்டு மூட்டை, ஒரு மருந்துப் பெட்டி. அது மேல பெரிய நீலத் தார்ப்பாய், புதுசு, நாலு மூலையிலயும் கயிறு போட்டுக் கட்டியிருந்துச்சு.

ஸாங்கே கதவை மண்ணுல சாய்ச்சான். வண்டியை ஒரு சுத்து சுத்தி வந்தான். ஒரு மூலை முடிச்சை அவுத்தான். கதவு வைக்க எடம் பண்றான்னு நெனச்சா அவ. ரெண்டாவது முடிச்சையும் அவுத்து, தார்ப்பாயை உருவி மடிக்க ஆரம்பிச்சான்.

என்ன பண்றன்னு கேட்டா. மழை வருது, மூட்டை நனையும், வெளையாடாதன்னு சொன்னா.

"அடிமைகிட்ட இருக்கிறது எசமானோடதுதானே"ன்னான் ஸாங்கே. மடிக்கிறதை நிறுத்தல. "முறைக்காரன் கேட்டா இல்லன்னு சொல்லக் கூடாதுன்னு உனக்கு யாரோ ஒரு கெழவி சொல்லிக் குடுத்திருப்பாளே? அது ரெண்டு பக்கமும்தான். நீ திராவோரேன்னா இது எனக்கு. வெள்ளக்காரின்னா இன்னும் முப்பது வையி, தார்ப்பாயை நானே திரும்பக் கட்டித் தர்றேன்."

பாலா சிரிக்கல. நானும் சிரிக்கல. அவளுக்கு மருந்துப் பெட்டி, இவனுக்கு வருஷத்துக் கொள்முதல். வேற எவளாயிருந்தாலும் போலீசைக் கூப்பிட்டிருப்பா, இல்ல முப்பதை எண்ணி எறிஞ்சிருப்பா. இவ பர்சுல கையை வச்சா. வச்ச கை அங்கேயே நின்னுச்சு. பர்சுக்குள்ள முப்பது இருந்துச்சா இல்லையான்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியல, தெரியாம ரெண்டு ராத்திரி தூக்கம் போச்சு.

கையை வெளிய எடுத்தா. வெறுங்கை. வண்டிக்கு அந்தப் பக்கம் போயி மிச்சம் இருந்த ரெண்டு முடிச்சையும் அவளே அவுத்து விட்டா. "பயறு தின்னிக்கு ஒழுகுனா வயிறு உப்பும், பாவம், வச்சுக்கோ"ன்னா.

முதல் காத்து அடிச்சு புழுதி கெளம்பிருச்சு. ஸாங்கே தார்ப்பாயை பாலா தோள்ல போட்டு கடைக்கு ஓடுன்னு சொன்னான். ஸாங்கே கூட ஓடல. கயித்தை மட்டும் வச்சுக்கிட்டு, கதவைத் தூக்கி அவ மூட்டைக்கும் மருந்துப் பெட்டிக்கும் மேல குப்புறப் போட்டான், முதலை உள்பக்கம் பாக்குற மாதிரி. நாலு மூலையும் இறுக்கிக் கட்டினான். அப்புறம் சக்கரத்து மேல ஏறி நின்னு, தண்ணி எந்தப் பக்கமா வழியும்னு கதவு முதுகை உள்ளங்கையால தடவித் தடவிப் பாத்து, பெட்டி இருந்த பக்கத்தை ஒரு விரக்கடை தூக்கி வச்சான்.