கைப்பையில் போன தலை தீபாவளி எண்ணெய்

பட்டு இருக்கும் பெட்டியில் எண்ணெய் வைக்கக் கூடாது. எங்கள் வீட்டில் இதை யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு தறிப்பக்கம் போனால் என் வீட்டுக்காரர் இன்றைக்கும் கத்துவார். ஒரு சொட்டு விழுந்தால் ஒரு புடவை போயிற்று.

புனேவில் இருக்கும் மகளுக்கு அந்த வருஷம் தலை தீபாவளி. மருமகனுக்கு லீவு கிடைக்கவில்லை. அவர்கள் காஞ்சிபுரம் வர முடியாது என்றதும், நாங்களே அங்கே போய்ச் செய்துவிடுவது என்று முடிவாயிற்று. சென்னையில் இருக்கும் சம்பந்தி வீட்டாரும் அதே விமானத்தில் வருவதாக ஏற்பாடு. மருமகன் தலையில் முதல் எண்ணெயைப் பெண்ணைப் பெற்றவள்தான் வைக்க வேண்டும், அதுவும் பெண் வீட்டு எண்ணெயாக இருக்க வேண்டும். நல்லெண்ணெயில் மிளகு, ஓமம், வெற்றிலை போட்டு நானே காய்ச்சினேன்.

கிளம்புவதற்கு முன்னால் சம்பந்தியம்மா போன் செய்தார். "எண்ணெ, நெய்யெல்லாம் பெரிய பெட்டியில போட்டுடுங்க சம்பந்தி. கையில எடுத்துனு போனா விட மாட்டாங்க."

"அதெல்லாம் எங்களுக்குத் தெரியும், நாங்க பாத்துக்கறோம்" என்றேன். எனக்கு அது முதல் விமானப் பயணம். நாலு தடவை பறந்துவிட்டால் எனக்குப் பெட்டி கட்டக் கற்றுத்தர வந்துவிடுவார்களா என்று கோபம். பெரிய பெட்டியில் மருமகனுக்குப் பட்டு வேட்டி, மகளுக்குப் புடவை, அந்த அம்மாளுக்கும் ஒரு புடவை. அதற்குள் எண்ணெய் பாட்டிலை வைக்க என் கை வருமா? எண்ணெய், நெய், லேகியம், ஷாம்பு என்று வழியக்கூடியது அத்தனையும் கைப்பைக்குள் போனது. விமான நிலையத்தில் பெரிய பெட்டியை விமானக்காரர்கள் வாங்கிக்கொண்டார்கள். நான் நிம்மதியாக உள்ளே போனேன்.

சோதனை மேடையில் என் பையைத் தனியே ஒதுக்கினார்கள். சீருடை போட்ட பையன் ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் வைத்தான். கடைசியில் என் வீட்டுக்காரர் தலைக்கு அடிக்கும் சாயம் வந்தது. சம்பந்தி வீட்டாருக்குத் தெரியாமல் காப்பாற்றிவந்த விஷயம் அது. அவர்கள் எங்களுக்கு அடுத்ததாக நின்றிருந்தார்கள். என் வீட்டுக்காரர் கூரையைப் பார்த்தார்.

"ஆயில் நாட் அலவுட், மா."

"இது தீபாவளி எண்ணெப்பா. மோந்து பாரு. மருமவனுக்கு வெக்கறதுக்கு எடுத்துனு போறேன்" என்றேன். அவனுக்குத் தமிழ் தெரியவில்லை. தெரியாதவனிடம் சத்தமாகச் சொன்னால் புரிந்துவிடும் என்பதுபோல் நான் கத்தினேன். வரிசை முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. சம்பந்தியம்மா மட்டும் பார்க்கவில்லை. கைப்பையைத் திறந்து எதையோ தேடிக்கொண்டே இருந்தார். விமானத்துக்குக் கூப்பிட்டுவிட்டதால் திரும்பிப் போகவும் நேரமில்லை. பாட்டில் சத்தத்தோடு குப்பைத்தொட்டியில் விழுந்தது.

புனேவில் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு மகளிடம் சொல்லி அழுதேன். "உடும்மா, நான் பாத்துக்கறேன்" என்றாள்.

தீபாவளியன்று விடியற்காலையில் மருமகனை மணையில் உட்காரவைத்தார்கள். மகள் ஒரு கிண்ணத்தில் எண்ணெய் கொண்டுவந்தாள். கடையில் வாங்கிய வெறும் நல்லெண்ணெய், பார்த்தாலே தெரிந்தது. மாமியாரிடம் அவளாகவே சொன்னாள்: "அம்மா போன வாரமே கூரியர்ல அனுப்பிட்டாங்க அத்தே. காய்ச்சின எண்ணெ."

விமான நிலையத்தில் அது நடந்தபோது அந்த அம்மாளும் பக்கத்திலேயே நின்றிருந்தார் என்று மகளிடம் நான் சொல்லவில்லை. அந்த வெட்கக்கேட்டை மட்டும் மறைத்திருந்தேன். இப்போது என்னால் அவளும் பொய்க்காரி ஆகப்போகிறாள்.

சம்பந்தியம்மா கிண்ணத்தை வாங்கி முகர்ந்தார். "அதானே பாத்தேன். ஓமம் எப்படி வாசன தூக்குது பாரு" என்று மகளிடம் சொல்லிவிட்டு, கிண்ணத்தை இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார். "வெச்சி உடுங்க சம்பந்தி."

குத்திக்காட்டி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை வைத்திருந்தேன். குனிந்த தலையை நிமிர்த்தாமல் மருமகன் தலையில் எண்ணெயைத் தேய்த்தேன். "போதும் அத்தே" என்று அவரே சொல்லும்வரை தேய்த்துக்கொண்டே இருந்தேன்.