சந்தனம் வைத்த ஜாய்ஸ்டிக்

யுவராணியின் பிறந்த வீடு ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில். புகுந்த வீடு ராஜபாளையத்துக்கு மேற்கே, தென்னந்தோப்புக்குள். இரண்டுக்கும் நடுவே அரை மணி நேர பஸ் பயணம்தான். ஆனாலும் கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் தீபாவளி, பொங்கல் தவிர அந்த பஸ்ஸில் அவள் ஏறியதில்லை. போகாதே என்று யாரும் சொன்னது கிடையாது. "போயிட்டு வா தாயி" என்பார் மாமனார் உக்கிரபாண்டி. சொல்லிவிட்டு, "மாட்டை யாரு பார்ப்பா?" என்று தென்னை மரத்திடம் கேட்பார்.

கிருஷ்ணன்கோவிலுக்கு காலேஜ் பஸ்ஸில் போய் இன்ஜினியரிங் படித்தவள் அவள். அங்கே நடந்த வீடியோ கேம் போட்டியில் பையன்களைத் தோற்கடித்து ஒரு கோப்பை வாங்கினாள். இப்போது அது சமையல்கட்டில் கடுகு டப்பாவுக்குப் பக்கத்தில், கரண்டி போட்டு வைக்க உதவுகிறது. புருஷன் முத்துப்பாண்டி ராணுவத்தில், அஸ்ஸாம் பக்கம். நல்லவன்தான். தூரத்தில் இருக்கிற நல்லவன்.

கோயம்புத்தூரில் ஜாய்ஸ்டிக் செய்யும் சின்னக் கம்பெனி ஒன்று, ஆடிப் பார்த்துக் குறை சொல்ல ஆள் தேடியது. யுவராணி எழுதிப் போட்டாள். மாதுரி என்ற மேலாளர் கூரியரில் ஒரு ஜாய்ஸ்டிக் அனுப்பிவைத்தாள். சோதனையில் தேறினால் கொஞ்ச காலம் வீட்டிலிருந்தே வேலை, பிறகு கோயம்புத்தூருக்கு வந்துவிட வேண்டும். "கெடைக்கட்டும், அப்பாட்ட நான் பேசுதேன்" என்றான் முத்துப்பாண்டி போனில். அந்த வீட்டிலிருந்து வெளியே போக ஒரு கதவு உண்டென்றால் அது இதுதான் என்று அவளுக்குப் பட்டது.

ஜாய்ஸ்டிக்கை இரண்டு கையாலும் பிடித்தால் கட்டைவிரல்களுக்கு அடியில் காளான் மாதிரி இரண்டு குச்சிகள். இடது குச்சி திரையில் இருக்கும் ஆளை நடத்தும், வலது குச்சி அவன் பார்வையைத் திருப்பும். குச்சியின் தலையைக் கழற்றி மாற்றலாம். குட்டைத் தலை போட்டால் தொட்டவுடன் திரும்புவான். சண்டைக்கு அது சரி. நெட்டைத் தலையில் விரல் அதிக தூரம் போக வேண்டும், அதனால் நூலளவு அசைவைக்கூட அளந்து கொடுக்கலாம். எது எப்படியானாலும் விரலை எடுத்தால் நடுவுக்கு வந்து நிற்க வேண்டும். குச்சிக்கு அதுதான் முதல் ஒழுக்கம். அடுக்களை வேலை முடிந்த மத்தியானங்களில் கதவைச் சாத்திக்கொண்டு பழகினாள்.

சோதனை விஜயதசமி காலையில். நெட்டைத் தலை போட்டு, ஒரு குறுகலான மதில் மேல் குறித்த நேரத்துக்குள் ஆளை விழாமல் நடத்திக் காட்ட வேண்டும். "வெளிநாட்டு கஸ்டமருக்கு லீவெல்லாம் கிடையாதுங்க" என்று மாதுரி சொல்லியிருந்தாள்.

முந்தின நாள் ஆயுத பூஜை. சுண்டலைத் தாளித்து இறக்கிவிட்டு யுவராணி சாமி படத்துக்கு முன்னால் வந்தாள். டிராக்டர் சாவி, அரிவாள், மண்வெட்டி, மோட்டார் ஸ்பேனர். அவற்றுக்கு நடுவில் அவளுடைய ஜாய்ஸ்டிக். இரண்டு குச்சித் தலையிலும் சந்தனத்தைக் குழைத்து அப்பி, மேலே குங்குமம். தண்ணீர் தாராளமாகச் சேர்ந்த சந்தனம். தலையிலிருந்து வழிந்து குச்சிக்கு அடியில் இருக்கிற குழிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

"அத்தை, இத எதுக்கு வச்சிய?"

"முத்து போன்ல சொன்னான்" என்றாள் மாமியார் வெள்ளத்தாய். "அது வெளாட்டுச் சாமான் இல்லம்மா, அவ தொழில் சாமான்னு. தொழில்னா பூசைக்கு வைக்கணும்லா."

யுவராணியின் கையிலிருக்கும் ஒன்றை அந்த வீட்டில் யாரும் தொழில் என்று சொன்னது அதுவே முதல் தடவை. சந்தோஷப்பட நேரமில்லை.

"செத்த நேரம் எடுத்துத் தொடச்சிட்டு வச்சிருதேன்."

உக்கிரபாண்டி சூடத்தட்டோடு நின்றார். "வச்ச சாமானை எடுக்கப்படாது தாயி. காலையில மறுபூசை முடியட்டும். நானே டிராக்டர் பக்கம் போகல, பாரு."

"அருவாளுக்கு இல்லாத அவசரம் அதுக்கு என்னட்டி?" என்றாள் வெள்ளத்தாய்.

சாமியை வைத்துப் பேசும்போது பதில் பேச முடியாது. அன்று பொழுது சாயும்வரை ஏதாவது சாக்கு வைத்து அந்தப் பக்கமே நடந்தாள். சந்தனம் வெளுத்து, காய்ந்து, விரிசல் விட்டது. கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.

மறுபூஜை முடிந்ததும் காது குடையும் பஞ்சுக் குச்சியில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தாள். வலது குச்சி பிழைத்துக்கொண்டது. இடது குச்சி நடுவுக்குத் திரும்பவில்லை. யாரும் தொடாமலே திரையில் ஆள் இடப்பக்கமாக நடந்தான். சின்ன அசைவுகளைக் குச்சி கண்டுகொள்ளாமல் விடும்படி கேமில் மாற்றி வைக்கலாம், வைத்தாள். ஆள் நின்றான். ஆனால் மெல்ல நடக்க மறந்துபோனான். நின்றால் நின்றான், கிளம்பினால் பாய்ந்தான். மதில் மேல் அது ஆகாது. பழையபடி மாற்றினாள்.

மாதுரி வீடியோவில் வந்தாள். ஆள் மதிலில் ஏறினான், இடப்பக்கம் விழுந்தான். மறுபடி ஏறினான், விழுந்தான்.

"இடது பக்கம் இழுக்குதே. என்னாச்சுங்க?"

"சந்தனம் மேடம்."

"என்னது?"

"ஆயுத பூஜை."

மாதுரி திரைக்குக் கிட்டே வந்தாள். "எங்க வீட்லயும் லேப்டாப்புக்கு வைப்பாங்க. மூடி வச்சுட்டு, மேல."

யுவராணி கட்டைவிரலை விடாமல் வலப்பக்கம் சாய்த்துப் பிடித்தாள். இழுக்கிற பக்கத்துக்கு எதிராக, பார்ப்பவருக்குத் தெரியாமல் சாய்ந்து நிற்பது அவளுக்குப் பழகிய வேலைதான். அடி அடியாக ஆள் மதிலைக் கடந்தான். ஆனால் குறித்த நேரம் எப்போதோ முடிந்திருந்தது.

"கடந்துட்டீங்க, பார்த்தேன்" என்றாள் மாதுரி. "ஆனா குச்சி சரியில்லாத ஆட்டத்தைக் கணக்குல எடுக்க மாட்டாங்க. அடுத்து ஆள் எடுக்கிறது சித்திரைலதான். சொல்லி அனுப்புறேன்."

வெள்ளத்தாய் கதவோரம் நின்றிருந்தாள். "என்ன சொன்னாவ?"

"சித்திரையில பாக்கலாம்னு சொன்னாவ."

"சந்தனத்தாலயா?"

இல்லை என்று சொல்லலாம். சொல்வதுதான் வழக்கம். "ஆமா அத்தை" என்றாள்.

வெள்ளத்தாய் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "டிராக்டருக்கும்தான் வச்சேன். அது ஓடத்தான செய்யுது." பிறகு, குரலைத் தாழ்த்தி, "சித்திரையில இங்க இருந்து வெளாடாத. நேர்லயே போயிரு. ஒம் மாமாட்ட நான் சொல்லுதேன்" என்றாள்.

சித்திரையில் குலசாமிக்குக் கொடை விழா. எண்பது பேருக்குச் சமையல். அது மாமியாருக்கும் தெரியும்.

வெள்ளத்தாய் திரையை எட்டிப் பார்த்தாள். "நீ தொடவே இல்லையே, அவன் பாட்டுக்குப் போறானே."

"ஆமா."

"எங்கட்டி போறான்?"

"செவரு வரைக்கும் போவான்" என்றாள் யுவராணி. "பொறவு அங்கனயே நடந்துக்கிட்டு இருப்பான்."

தொழுவத்தில் மாடு கத்தியது. ஜாய்ஸ்டிக்கை மேஜையில் வைத்துவிட்டு அவள் எழுந்து போனாள்.