எசமான் சாகாத சாமுராய்

வேலை போன பிறகும் ஃபோர்மேன் என்ற பட்டம் மட்டும் அந்த மனுஷனை விட்டுப் போகவில்லை. மருந்துக்கடையில், பஸ் நிறுத்தத்தில், மாடிப்படியில் எதிரே வருகிற பக்கத்து வீட்டுக்காரர் வாயில், எங்கும் ஃபோர்மேன்தான். "என்ன ஃபோர்மேன், முதலாளி கூப்பிட்டாரா?" என்று கேட்பார்கள். "கூப்பிடுவார்," என்பார் இவர். கேட்டவர்கள் நாலடி தள்ளிப் போய்ச் சிரிப்பார்கள். அது இவர் காதில் விழாமல் இல்லை. விழுந்தும் விழாததுபோல நடக்கப் பழகிக்கொண்டார்.

அந்த முதலாளி அட்டைப்பெட்டிக் கம்பெனி வைத்திருந்தவர். மீசை அரும்பின வயதில் அங்கே பசை காய்ச்சச் சேர்ந்தவர் ஃபோர்மேன். தலை நரைக்கும்வரை வேறொரு வாசல் மிதித்ததில்லை. எந்த மிஷின் எப்போது முனகும், எங்கே ஒரு தட்டுத் தட்டினால் மறுபடி ஓடும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. கம்பெனியை மூடுகிற அன்று ஆட்கள் எல்லாரும் கேட்டை மறித்துக்கொண்டு நின்றார்கள். முதலாளி உள்ளே அறையில் உட்கார்ந்து வியர்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்து நாலு வார்த்தை பேச அந்தப் பெரிய மனிதருக்குத் தைரியம் வரவில்லை. ஃபோர்மேனை அனுப்பினார். இவரும் போய் நின்றார். முதலாளி மறுபடி தொடங்குவார், எல்லாரையும் கூப்பிடுவார், அதற்கு நான் பொறுப்பு என்று நெஞ்சில் கைவைத்துச் சொன்னார். இவர் முகத்துக்காக அவர்கள் கலைந்து போனார்கள். இன்றைக்கு அவர்களில் பாதிப் பேர் இவரைக் கண்டால் தெருவைத் தாண்டி எதிர்ப்பக்கம் நடக்கிறார்கள்.

அன்று மாலை முதலாளி இவர் தோளில் கை போட்டார். மிஷினெல்லாம் பழைய இரும்புக்குப் போகிறதே என்று கண் கலங்கினார். "திரும்பத் தொடங்கினா முதல் ஆள் நீதான். அதுவரைக்கும் வேற எவன்கிட்டயும் போயிடாதே," என்றார். அந்த நெகிழ்ச்சியில் ஃபோர்மேன் தனக்கென்று எதுவும் கேட்கவில்லை. சும்மா சுற்றிக்கொண்டிருந்த தன் மைத்துனனுக்கும் அப்போது ஒரு இடம் பார்த்துக் கொடுங்கள் என்று மட்டும் கேட்டுவைத்தார். அப்படியொரு நல்ல மனசு. அந்த மனசை வைத்துக்கொண்டு நாக்கு வழிக்கக்கூட முடியாது என்பது அவருக்குப் பிறகுதான் தெரியப்போகிறது.

மைத்துனன் என்றால் மனைவியின் தம்பி. சோபா மெத்தை தைக்கிற கடைக்கு மேலே ஒற்றை அறையில் தனியாக இருந்தான். ஏதோ அச்சகத்தில் வேலை கிடைத்துவிட்டது என்று கொஞ்ச நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தான். ஞாயிறு மதியங்களில் அந்த அறையில் ஒரு விளையாட்டு நடக்கும். மைத்துனன் கதை சொல்வான். மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு அந்தக் கதைக்குள் நடப்பார்கள். காட்டில் பூதம் வந்தால் சண்டை போடுவதா ஓடுவதா என்பது அவரவர் முடிவு. வெல்வதும் தோற்பதும் பகடை விழுகிற விதம். பூட்டு ரிப்பேர்க்காரர் அதில் திருடன். நிஜத்தில் வீட்டுக்காரர் பக்கத்தில் நிற்காமல் ஒரு பூட்டிலும் கைவைக்காத மனிதர், அந்தக் குறையை இங்கே தீர்த்துக்கொள்வார். மருந்துக்கடைக்காரர் மந்திரவாதி. வாரம் முழுக்க அடுத்தவர் எழுதிக் கொடுத்ததையே எடுத்துக் கொடுத்து அலுத்தவர், ஞாயிற்றுக்கிழமை தன் இஷ்டத்துக்குக் கலக்குவார்.

வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பதற்கு அது தேவலை என்று மனைவிதான் ஃபோர்மேனை அங்கே பிடித்துத் தள்ளினாள். என்ன வேஷம் வேண்டும் என்று கேட்டு மைத்துனன் வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தான். எசமான் இல்லாத சாமுராய் என்றதும் இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அது யார் என்று கேட்டார். பெரிய வாள்வீரன், எசமான் செத்துப்போனதால் போக்கிடம் இல்லாமல் ஊர் ஊராக அலைகிறவன் என்றான் அவன்.

"சாகலைன்னு வெச்சுக்கோ," என்றார் ஃபோர்மேன். "எங்கயோ போயிருக்கார். வருவார்."

"விதிப்படி செத்திருக்கணும் அத்தான். அப்பதானே இவன் அலைய முடியும்?"

"சாகலை. எழுது."

எழுதினான். சாமுராய்க்கு என்ன பெயர் என்று கேட்டதற்கு, எசமான் வந்து கூப்பிட்டுக்கொள்வார், நீ எதற்கு வைக்கிறாய் என்று முடித்துவிட்டார். கதையில் எத்தனையோ ராஜாக்கள் வந்து அந்தச் சாமுராயை வேலைக்கு அழைத்தார்கள். பொன் தருகிறேன் என்றார்கள், குதிரை தருகிறேன் என்றார்கள். ஃபோர்மேன் ஒவ்வொருவருக்கும் மரியாதையாகத் தலைவணங்கி மாட்டேன் என்பார். மந்திரவாதிக்குத்தான் வயிற்றெரிச்சல். இந்த ஆளின் வீம்பால் நம் கூட்டத்துக்கே ஒரு குதிரை இல்லை, நடந்து நடந்து என் மந்திரக்கோலே தேய்ந்துவிட்டது என்று புலம்புவார்.

ஊர்களையும் காடுகளையும் மைத்துனன் வெள்ளை அட்டையில் வரைந்து வைத்திருப்பான். முதல் நாளே ஃபோர்மேன் அதை விரலிடுக்கில் வைத்து அழுத்திப் பார்த்து, நல்ல அட்டையாக இருக்கிறதே, எங்கே கிடைத்தது என்று விசாரித்தார். அச்சகத்தில் கழித்துப் போட்டது என்றான் அவன். அட்டையிலேயே ஆயுசைக் கழித்த மனுஷன், அதோடு விட்டுவிட்டார்.

மனைவி சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவள். நாள் முழுக்க நின்று தேய்த்து வலது மணிக்கட்டு வீங்கிப்போயிருந்தது. அங்கே துணி போடுகிறவர்களிடமெல்லாம் சொல்லிவைத்து, கணவனுக்கு இரண்டு மூன்று இடங்களில் வேலை கேட்டாள். ஒவ்வொன்றையும் இவர் ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிக்கழித்தார். கடைசியாக ஒரு டயர் கிடங்கில் ஆட்களைப் பார்த்துக்கொள்கிற வேலை வந்தது.

"திங்கக்கிழமை காலையில வந்தா வரட்டும், இல்லேன்னா வேற ஆளைப் போட்டுக்கறோம்னு சொல்லிட்டாங்க," என்றாள் அவள் சனிக்கிழமை. "நான் கெஞ்சி வாங்கினது. போவீங்களா, மாட்டீங்களா?"

முதலாளி கூப்பிடுகிற நேரம் பார்த்து நான் இன்னொருவனிடம் கைகட்டி நின்றால் அவர் என்ன நினைப்பார் என்றார் இவர். அவள் மணிக்கட்டில் சுற்றியிருந்த ஈரத்துணியைப் பல்லால் இழுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கத்தியிருந்தால்கூட இவருக்கு அவ்வளவு வலித்திருக்காது.

அந்தப் பாரத்தோடுதான் ஞாயிற்றுக்கிழமை மாடியேறினார். முதலாளியைத் தேடிப் போய் நேருக்கு நேர் கேட்டுவிடலாம் என்று அவருக்குத் தோன்றாமல் இல்லை. கேட்டு, இல்லை என்று சொல்லிவிட்டால் அப்புறம் மிச்சம் என்ன இருக்கிறது? அந்தப் பயம். விளையாட்டிலாவது கேட்டுப் பார்ப்போம் என்று முடிவு செய்துகொண்டு வந்தார்.

அன்றைக்கு மைத்துனன் ஒரு சதுப்பு நிலத்தையும் அதில் ஒரு ராட்சசத் தவளையையும் தயார் செய்து வைத்திருந்தான். திருடனும் மந்திரவாதியும் சேற்றில் இறங்கத் தயாரானார்கள். தன் சாமுராய் இறங்கப்போவதில்லை, எசமான் இருக்கிற இடத்தைக் கண்டுபிடித்து அங்கே போகப்போகிறான் என்றார் ஃபோர்மேன். மைத்துனனுக்கு முகம் மாறியது. பாலம் உடைந்துவிட்டது என்றான். நீந்துவான் என்றார் இவர். வழியில் கொள்ளைக்கூட்டம் இருக்கிறது என்றான். பகடையை எடுத்து உருட்டினார். உச்ச எண் விழுந்தது. அவ்வளவுதான், அதற்குமேல் கதை சொல்கிறவன் மறுக்க முடியாது. பாவம், எத்தனை நாளாகக் காத்திருக்கிறார், போய்த்தான் பார்க்கட்டுமே என்று பூட்டு ரிப்பேர்க்காரரும் பரிந்து பேசினார்.

இப்படிக் கதை சொல்கிறவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. யோசித்து வைத்த பாதையை விட்டு ஆட்டக்காரர் இறங்கிவிட்டால், நின்று நிதானித்துப் புதிதாகக் கட்ட நேரம் இருக்காது. கண்ணுக்கு அன்றாடம் பழகினது எதுவோ அதை எடுத்துப் போட்டு ஒப்பேற்ற வேண்டியதுதான். மைத்துனனும் அதைத்தான் செய்தான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு கோட்டை என்றான். புதிதாக வெள்ளையடித்த மதில் என்றான். உள்ளே நுழைந்தால் பசை காய்ச்சுகிற வாடை அடிக்கிறது என்றான். கோட்டைக்குள் பசை எதற்கு என்று மருந்துக்கடைக்காரர் கேட்க, அம்புக்கு இறகு ஒட்ட என்று சமாளித்தான். நல்ல சமாளிப்புத்தான், அதோடு வாயை மூடியிருக்கலாம். உள்கதவைத் திறக்க ஒரு பெரிய இரும்புச் சக்கரம், அதைச் சுற்றுவதற்குக் கைப்பிடியாக ஒரு சைக்கிள் பெடலை ஒட்டவைத்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டான்.

பூட்டு ரிப்பேர்க்காரர் மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தார். மருந்துக்கடைக்காரருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சாமுராய் சைக்கிளில் வந்தாரா, டைனமோ உண்டா என்று இருவரும் மாற்றி மாற்றி ஓட்டினார்கள்.

ஃபோர்மேன் சிரிக்கவில்லை. அந்தப் பெடல் அவருடையது. அவசர ஆர்டர் ஓடிக்கொண்டிருந்த ஒரு நாள் அட்டை வெட்டும் மிஷினின் சக்கரத்தில் கைப்பிடி முறிந்துபோயிற்று. மாற்றுச் சாமான் இல்லை, முதலாளி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். ஃபோர்மேன் வெளியே போய்த் தன் சைக்கிளிலிருந்து பெடலைக் கழற்றி வந்து வெல்டிங் வைத்து ஒட்டினார். ஆர்டர் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது, இவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார். அப்படியொரு சக்கரம் உலகத்தில் இன்னொன்று இருக்க வழியில்லை. மைத்துனன் பழைய கம்பெனிக்குள் காலெடுத்து வைத்ததே கிடையாது. அந்த மிஷினோ பழைய இரும்புக்குப் போனதாக முதலாளியே கண் கலங்கிச் சொன்னது.

"அந்தச் சக்கரத்தை யார் சுத்தறாங்க?" என்று கேட்டார்.

மைத்துனன் பகடைகளைக் கைக்குள் வைத்து மூடிக்கொண்டான். காவல்காரர்கள் என்று முணுமுணுத்தான்.

"மாப்ளே, உன்னைத்தான் கேக்கறேன். தினமும் அங்க நின்னு யார் சுத்தறாங்க?"

"நான்தான் அத்தான்," என்றான் அவன்.

சிரிப்பு நின்றுபோயிற்று. பிறகு ஒவ்வொன்றாக வெளியே வந்தது. அச்சகம் என்று ஒன்று கிடையாது. நகரத்துக்கு வெளியே முதலாளி புதுக் கம்பெனி தொடங்கி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. மிஷினெல்லாம் அதே பழைய மிஷின். மைத்துனனை அவரே ஆள்விட்டு அழைத்தாராம். "உங்க பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டார் அத்தான். நீங்க எனக்காகக் கேட்டீங்களாமே," என்றான். சொல்லும்போதே அவனுக்கு அழுகை வந்துவிட்டது. அத்தானையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று இவன் கேட்டானாம். அந்த ஆள் வந்தால் பின்னாலேயே பழைய கூட்டம் மொத்தமும் வரும், வாக்குக் கொடுத்தேன் என்று கேட்டில் நிற்பான், எனக்குத் தலைவலி, அவனிடம் வாயைத் திறந்தால் உனக்கும் வேலை கிடையாது என்றாராம் முதலாளி.

யாருக்காகக் கேட்டில் நின்று வாக்குக் கொடுத்தாரோ, அவருக்கு இப்போது அந்த வாக்குத்தான் தலைவலி. ஃபோர்மேன் அடிப்பார் என்று மருந்துக்கடைக்காரர் பயந்துபோய் எழுந்து நடுவில் நின்றார். இவர் அடிக்கவில்லை.

"ஓடுதா?" என்று கேட்டார்.

"எது அத்தான்?"

"மிஷின். நல்லா ஓடுதா?"

"ஓடுது அத்தான். பெடல் கொஞ்சம்கூட ஆடலை."

தலையை ஆட்டிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார். வீட்டில் அவர் முகத்தைப் பார்த்ததுமே மனைவி, தம்பி சொல்லிவிட்டானா என்று கேட்டாள். அப்படியானால் உனக்கும் தெரியுமா என்று இவர் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நான்தான் சொல்லாதேன்னேன்," என்றாள் அவள். "தெரிஞ்சா நீங்க அங்க போய் நிப்பீங்க. உங்களை வெளியே நிக்கவெச்சுட்டு அவன் உள்ளே வேலை பார்க்கணுமா? நீங்க வேற எங்கயாவது சேர்ந்துட்டா, இது தெரியாமலே போயிடும்னு பார்த்தேன். நீங்கதான் எங்கயும் போகவே இல்லையே."

அவள் பேச்சில் கோபம் இல்லை. அலுத்துப்போயிருந்தாள். இவர் காத்திருந்த நாளெல்லாம், வராத ஒன்றுக்காகத்தான் காத்திருக்கிறார் என்பது வீட்டில் இருந்தவளுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. ராஜாக்கள் ஒவ்வொருவராக வந்து அழைத்தபோது, அழைக்கிற குரலின் சொந்தக்காரனான மைத்துனனுக்கும் தெரிந்திருக்கிறது. சாமுராய் மட்டும் வீறாப்பாக மாட்டேன் மாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான். நினைக்க நினைக்க ஃபோர்மேனுக்கு உடம்பெல்லாம் கூசியது.

திங்கட்கிழமை காலையில் டயர் கிடங்குக்குப் போனார். கூரை வரைக்கும் டயர் அடுக்கியிருந்தது, ரப்பர் நெடி மூக்கைத் துளைத்தது. மேனேஜர் ஒரு பழைய டயர்மேல் பலகை போட்டு அதையே மேசையாக வைத்துக்கொண்டிருந்தார். முன்னால் எங்கே வேலை பார்த்தீர்கள் என்று கேட்டார். மீசை அரும்பின வயதிலிருந்து ஒரே அட்டைப்பெட்டிக் கம்பெனியில், கடைசியில் ஃபோர்மேன் என்றார் இவர். அத்தனை வருஷம் இருந்த இடத்தை ஏன் விட்டீர்கள் என்று அடுத்த கேள்வி வந்தது.

"முதலாளி செத்துட்டாருங்க."

மேனேஜர் நிமிர்ந்து பார்த்தார். "அடப்பாவமே. எப்போ?"

"நேத்து மத்தியானம்."

எழுதிக்கொண்டிருந்த மேனேஜர் பேனாவைக் கீழே வைத்தார். நல்ல மனுஷர்போல, குரல் இறங்கிவிட்டது. "அப்போ நீங்க இன்னிக்கு அங்கதானே இருக்கணும்? இங்க நாளைக்கு வந்தாப் போதுமே. போயிட்டு வாங்க."

"இல்லீங்க," என்றார் ஃபோர்மேன். "என்னை யாரும் கூப்பிடலை."