காப்புக் கட்டிய தெருவில் கருவாடு வறுத்தேன்

சென்னையிலிருந்து திண்டுக்கல்லுக்குக் குடிவந்த புதிது. தெருவெங்கும் வேப்பிலைத் தோரணம் கட்டியிருந்தார்கள். அம்மன் திருவிழாவாம். சாயங்காலம் முளைப்பாரி ஊர்வலம் பார்க்க ஆசையாகத்தான் இருந்தேன். கைக்குழந்தை மகளை இடுப்பில் வைத்துக்கொண்டே மதியச் சோற்றுக்குக் கருவாடு வறுத்தேன்.

வாசம் பரவியதுதான் தாமதம், எதிர்வீட்டு அக்கா நாலைந்து பெண்களோடு என் அடுப்படிக்கே வந்துவிட்டார்.

“சாமிக்குக் காப்புக் கட்டிருக்கு. திருவிழா முடியிற வரைக்கும் தெருவுல ஒருத்தரும் கவுச்சி சமைக்கக் கூடாது, தெரியாதா?”

“தெரியாதுக்கா. யாருமே சொல்லலையே.”

“இம்புட்டு வேப்பிலை தொங்குதே, கண்ணு எங்க போச்சு?”

சொல்லிக்கொண்டே குடத்துத் தண்ணீரை வாணலியில் கொட்டினார். காய்ந்த எண்ணெய் சீறித் தெறித்தது. இடுப்பிலிருந்த மகளைச் சட்டென்று மறுபக்கம் திருப்பியதால் அவள் முகம் தப்பியது. என் கை வெந்துபோனது.

“பாத்தியா, ஆத்தா காமிச்சுட்டா!” என்றபடி கிளம்பினார்கள். கொட்டியது ஆத்தாவா?

இப்போதெல்லாம் காப்புக் கட்டும் நாளை முன்கூட்டியே விசாரித்துவிடுகிறேன். அதன்பின் கருவாட்டை வீட்டிலேயே வைப்பதில்லை. காப்பு அவிழ்த்த மறுநாள்தான் வறுக்கிறேன், வாசற்கதவைத் தாழிட்டு, எதிர்வீட்டைப் பார்த்த ஜன்னலை மட்டும் அகலத் திறந்துவைத்து.