கார்த்தி அழகாக அடுக்கிய குடங்கள்

எங்கள் தொழில், அடுத்தவர் வீட்டுக் குடத்தை மாடியேற்றுவது; கூலி, "எதுக்குடா வந்த?" என்று கேட்கும் ஒரு பார்வை. தெருமுனையில் நாலு பேராக நின்றதற்கே ரவுடிப் பட்டம் வாங்கிய சகோதர சகோதரிகளே, உங்களுக்கு இது புரியும்.

சாவிக்கு ஒரு கண்டிஷன்

ராயபுரத்தில் எங்கள் ஹவுசிங் போர்டு பிளாக்கில் லிஃப்ட் கிடையாது. லாரித் தண்ணீர் வந்தால், படியேற முடியாதவர்களுக்கு நானும் கார்த்தியும் ரேவதியும் சும்மாவே தூக்கிக் கொடுக்கிறோம். அவ்வளவு சும்மாவும் இல்லை. ரேவதிக்கு பிளஸ் டூ பரீட்சை. அவள் வீட்டில் புத்தகத்தை விரித்தால் பக்கத்திலேயே யாராவது பாயை விரித்துவிடுவார்கள். கீழ்த்தளத்தில் அவள் படிக்கத் தோதாக ஒரு காலி ரூம் இருக்கிறது. சாவி, குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஆல்பர்ட் அங்கிளிடம். ஹார்பரில் கிரேன் ஓட்டி ரிட்டயரானவர். இன்றைக்கும் மேலிருந்து கீழே பார்த்துத்தான் பேசுவார்.

"நீங்க நல்ல பசங்கன்னு இந்த பிளாக்கு சொல்லட்டும், தரேன். ஒரு கம்ப்ளெய்ண்ட் வந்துச்சு, ரூம் பக்கம் தலை வெச்சிகூடப் படுக்கக் கூடாது."

முதல் குடம்

மூன்றாவது மாடி திலகா அக்காவுக்குக் காலில் மாவுக்கட்டு. கதவுச் சங்கிலிக்குப் பின்னால் ஒரு கண் தெரிந்தது. அது கார்த்தியின் கலர் அடித்த தலையிலேயே நின்றது. "யாரு அனுப்சது?"

யாரும் அனுப்பவில்லை என்றோம். தப்பு அங்கேதான். யாரும் அனுப்பாமல் பையன்கள் வேலை செய்வார்களா? குடத்தை வாசலில் வைத்தோம். அக்கா செல்போனை நீட்டினார்.

"நவுந்து நில்லுங்க, மூணு மூஞ்சியும் தெரியணும். நாளிக்கி எதுனா காணாப்பூட்டா போட்டோ தெளிவா இருக்க வேணாவா?"

கலைக்கண்

லாரி வருமுன் எல்லாரும் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். குடம் நின்றால் ஆள் நிற்கிற மாதிரி. யாரும் தொடக் கூடாது. இது எங்களுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அன்றைக்கு வரிசை கோணல்மாணலாக இருந்தது, நல்ல பெயர் எடுக்கும் ஆசை கண்ணை மறைத்தது. நீலத்தோடு நீலம், பச்சையோடு பச்சை என்று கார்த்தி அடுக்கினான். நான் ஆல்பர்ட் அங்கிள் குரலில், "லெஃப்ட்ல வா, லெஃப்ட்ல வா, எறக்கு" என்று மேற்பார்வை பார்த்தேன்.

லாரி தெருவுக்குள் திரும்பியது. இறங்கி வந்த எல்லாருமே முதல் ஆள். சத்தம் கேட்டு ஆல்பர்ட் அங்கிளும் வந்துவிட்டார். ரேவதி பூட்டிய ரூமையே பார்த்துக்கொண்டிருந்தாள். குடத்தைத் தேடிக்கொண்டிருந்த மேரி ஆண்ட்டி அங்கிளிடம் சொன்னார்:

"திருடியிருந்தாலும் ஒரு குடம்தாண்ணே பூட்டிருக்கும். இதுங்க லைனையே திருடிடுச்சிங்க."

காலைச் சண்டை, மறு ஒலிபரப்பு

எனக்கு இருப்பது வாய் ஒன்றுதான். காலையில் குடம் வைக்கும்போது நடந்த சண்டையை, ரேவதிக்கு நடித்துக் காட்ட மனப்பாடம் செய்திருந்தேன். லாரிக்கு முன்னால் நின்று ஆரம்பித்தேன்.

மேரி ஆண்ட்டியாக: "நான் மாதா கோயிலுக்குப் போறதுக்கு மின்னியே வெச்சிட்டேன், நைனா." தமீம் பாயாக, இருமலோடு: "உன் பின்னாடி நான்தான் கீறேன்." செல்வி அக்காவாக, கொட்டாவியோடு: "பாய், கொஞ்சம் நவுத்து, என் குடத்துக்கு மூச்சு முட்டுது."

சொந்தக் குரலை யார் மறுப்பது? சிரித்துக்கொண்டே அவரவர் குடத்தோடு நின்றார்கள். செல்வி அக்காவுக்கு அடுத்த இடத்தில் என் வாய் அடைத்தது. அங்கே வந்து நுழைந்தது யாரென்று எனக்குத் தெரியும். விட்டால் வரிசை தப்பு; சொன்னால் சாவி போச்சு. ரேவதியைப் பார்த்தேன். "சொல்லுடா," என்றாள்.

தொண்டையைச் செருமி, மேலிருந்து கீழே பார்த்தேன்: "நான் செக்ரட்டரிம்மா, சும்மா ஓரமா வெச்சிக்கிறேன்."

ஆல்பர்ட் அங்கிள் தன் குடத்தைத் தூக்கிக்கொண்டு கடைசியில் போய் நின்றார். மூன்றாவது மாடியிலிருந்து திலகா அக்கா எட்டிப் பார்த்து, "சாவியக் குடுண்ணே, நான் போட்டோவையே அழிச்சிட்டேன்," என்றார். அங்கிள் சட்டைப் பையில் கைவிட்டார்.

"இந்தாம்மா ரேவதி. ஆனா இவன் உள்ள வந்தா, வாயை வெளிய வெச்சிட்டு வரணும்."

இப்போதெல்லாம் எங்களைக் கண்டால் பிளாக்கில் யாரும் குடத்தை ஒளிப்பதில்லை, பேச்சைத்தான் நிறுத்திவிடுகிறார்கள்.