கொங்கிறீட் இறுகுவதற்குள்

பெரியகல்லாற்றில் ஒரு மாடி வீட்டுக்கு மேல்தட்டுக் கொங்கிறீட் போட்ட அன்று நான் ஒரு மனிதரின் காதைக் கிழித்தேன். அப்போது நான் கட்டட வேலைக்குப் போகத் தொடங்கி ஆறு வருடம்.

பெண்கள் நாலு பேர், ஆண்கள் ஏழு பேர். கீழே குழைத்த கலவையை இரும்புத் தாச்சியில் அள்ளி, சாரத்தில் வரிசையாக நின்று கைக்குக் கை மாற்றி மேலே ஏற்றுவோம். என் கையிலிருந்து ஓர் ஆணின் கைக்கு, அவர் கையிலிருந்து என் கூட்டாளியின் கைக்கு, அதே தாச்சி, அதே பாரம். பின்னேரம் ஆண்களுக்கு மூவாயிரம், எங்களுக்கு ஆயிரத்து எண்ணூறு.

என் கூட்டாளி புருசனை இழந்தவள், பக்கத்து வீட்டுக்காரி. சம்பளம் வாங்கும்போது எங்களுக்கும் அதே காசு தரச்சொல்லி மூன்று தரம் கேட்டுப் பார்த்தாள். பிறகு பார்ப்போம் என்று, வீட்டைக் கட்டக் குத்தகை எடுத்த கொந்தராத்துக்காரர் போய்விடுவார். தட்டுப் போடும்போது நடுவில் நிறுத்தினால் அந்த இடம் ஒட்டாமல் வெடிக்கும், அப்போது கேட்டால்தான் காது கொடுப்பார் என்று அவள்தான் கண்டுபிடித்தாள்.

அன்று பாதித் தட்டு முடிந்ததும் தாச்சியைக் கீழே வைத்தாள். நாங்கள் மூன்று பேரும் வைத்தோம்.

"அண்ணன், ஆம்பிளையளுக்குக் குடுக்கிறதையே எங்களுக்கும் தாங்க. இல்லாட்டி இறங்குறம்."

கொந்தராத்துக்காரர் எங்களை ஏசவில்லை. ஆண்கள் பக்கம் திரும்பினார்.

"எனக்கிட்ட இருக்கிறது ஒரு காசுதான். இவளுகளுக்குக் கூட்டினா உங்கட சம்பளத்திலதான் குறைக்கணும். நீங்களே பேசி முடிங்க."

சாரத்தின் உச்சியில், தட்டின் விளிம்போடு, எனக்கும் அவளுக்கும் நடுவில் நின்றவர்தான் முதலில் அசைந்தார். தினமும் எங்களுக்கு வெற்றிலை மடித்துத் தருபவர். அவர் மகள் பெரியபிள்ளையான சாமத்திய வீட்டுக்கு நாங்கள் நாலு பேரும் போயிருந்தோம். தாச்சியைத் தூக்கு என்றார். அவள் மாட்டேன் என்றாள். அறைந்தார். உதடு பிளந்தது. விழாமலிருக்க அவள் சாரக் கம்பைப் பிடித்தாள். மண்வெட்டிப் பிடியால் அந்தக் கையின்மேல் அடித்தார். எலும்பு உடைந்தது எனக்குக் கேட்டது. அவள் கீழே மணல் கும்பியில் போய் விழுந்தாள். வேறு இரண்டு பேர் மற்றப் பெண்களின் தலைமயிரைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

வெறும் தாச்சி ஒன்று என் கையில் அகப்பட்டது. இரண்டு கையாலும் வீசினேன். விளிம்பு அவளை அடித்தவரின் காதை வெட்டியது. காது பாதி தொங்கியது. இரத்தம் ஈரக் கொங்கிறீட்டில் ஒழுகியது. அவர் குந்திவிட்டார். அதற்குப் பிறகும் ஒன்று போட்டேன். முதல் அடி அவரை நிறுத்துவதற்கு. இரண்டாவது அடி ஆசையோடு அடித்தது. அதை மறைத்து எழுதினால் இதை எழுதத் தேவையில்லை.

பின்னாலிருந்து யாரோ என் கையை முறுக்கி, முகத்தைக் கலவைக்குள் அமுக்கினார்கள். சீமெந்து வாய்க்குள் போனது.

தட்டு இறுகுகிறது என்று கொந்தராத்துக்காரர் கத்தினார். எல்லாருக்கும் ஒரே சம்பளம், முடித்துத் தாருங்கள் என்றார். காயப்பட்ட இருவரையும் ஒரே ஓட்டோவில் ஏற்றினார்கள். ஆஸ்பத்திரி வாசலில் அவர், "நோகுதா?" என்று கேட்டாராம். அவள் உடைந்த கையைத் தாங்கிக்கொண்டு உள்ளே போனாளாம்.

நாங்கள் முகம் கழுவிவிட்டு மிச்சத் தட்டைப் போட்டோம். இரத்தத்தின் மேலேயே கலவையைக் கொட்டி மட்டப்பலகையால் இழுத்தார்கள். அன்று மூவாயிரம் வாங்கினேன்.

பொலிசில் இரு பக்கமும் முறைப்பாடு. சமாதானமாகப் போகச் சொன்னார்கள். தொழில் திணைக்களக் கந்தோரில் ஓர் அதிகாரி பொறுமையாகக் கேட்டார். சட்டப்படி ஆகக் குறைந்த சம்பளம் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுதான், உங்களுக்கு அதற்கு மேலேயே தருகிறார், ஆண்களுக்கு இன்னும் கூடக் கொடுப்பதை எந்தப் பிரிவில் கேட்பது என்று தெரியவில்லை என்றார். வேலை செய்ததற்குச் சம்பளத் துண்டு ஏதும் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை.

கொந்தராத்துக்காரர் அதன்பின் பெண்களை எடுக்கவில்லை. கலவை ஏற்ற மெஷின் வாங்கினார். ஆண்களிலும் நாலு பேருக்கு வேலை போனது, காது கிழிந்தவர் உட்பட. என் கூட்டாளியின் மணிக்கட்டு கோணலாகப் பொருந்தியது. இப்போது இடியப்பம் விற்கிறாள்.

நான் இன்னும் கட்டட வேலைக்குத்தான் போகிறேன். யாராவது கூப்பிட்டால், ஆண்களுக்கு என்ன சம்பளம் என்று முதலில் போனில் கேட்பேன். போன கிழமை ஒருவர் அதைக் கேட்டதும் போனை வைத்துவிட்டார். மறுநாள் அவரே எடுத்து, ஆண்களுக்கு உள்ளதுதான், வாங்க என்றார். போனேன். அங்கே பகல் முழுக்க ஆண்கள் ஒருவரும் என்னோடு கதைக்கவில்லை.